வில்சனுக்கு ஒரு வாரம் இருந்தது: ஒரு பக்கவாதத்தின் முன்னறிகுறிகள்

1919 செப்டம்பர் 25, பிற்பகல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பியூப்லோ என்ற ஊர். அரங்கத்துக்குள் நுழையும்போது குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்குப் படியில் கால் இடறியது. மெய்க்காவலர் எட்மண்ட் ஸ்டார்லிங் சட்டென்று கையைப் பிடித்து, ஏறக்குறையத் தூக்கியே மேடையில் ஏற்றினார். வில்சன் மறுப்பேதும் சொல்லவில்லை. பேச்சின் நடுவே சொற்கள் தடுமாறின. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்தினார்; மறுபடி தொடங்கினார். ஆற்றொழுக்காகப் பேசுவதையே தொழிலாகவும் புகழாகவும் கொண்ட மனிதர் அவர்.

பார்த்தவர்கள் யாரும் பதறவில்லை. பதறாமல் இருக்க எல்லோரிடமும் நல்ல காரணம் இருந்தது. அவருக்கு வயது 62. செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனிலிருந்து ரயிலேறியவர், மூன்று வாரங்களில் சுமார் 8,000 மைல் சுற்றி, ஏறத்தாழ 40 கூட்டங்களில் பேசியிருந்தார். முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கையையும், அதன்வழி உருவாகவிருந்த நாடுகளின் அமைப்பான சர்வதேச சங்கத்தையும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஏற்க வேண்டும் என்று மக்களிடம் நேரில் வாதாடும் பயணம். பெரும்பாலான இடங்களில் ஒலிபெருக்கி கிடையாது. பயணம் முழுக்கத் தலைவலி. மலைப்பகுதிகளில் மூச்சுத் திணறல். படுத்தால் இருமல் என்பதால் சில இரவுகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம். இத்தனைக்கும் பிறகு ஒருவர் மேடையில் தடுமாறினால் ‘களைப்பு’ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பக்கவாதத்தின் அறிகுறிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்த நிகழ்வுக்கே திரும்பி வருகிறேன். காரணம் இதுதான்: அந்த நாட்டிலேயே மிக அதிகமாகக் கண்காணிக்கப்பட்ட மனிதர் இவர். சொந்த மருத்துவர் கேரி கிரேசன் அதே ரயிலில் இருந்தார். மனைவி எடித் அடுத்த அறையில். செயலாளர் ஜோசப் டமல்டி சில அடி தூரத்தில். அறிகுறிகள் ஒவ்வொன்றையும் இவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பின்னாளில் எழுதியும் வைத்தார்கள். அப்படியிருந்தும் அடுத்த ஒரு வாரத்தில் நடந்தவை அப்படித்தான் நடந்தன.

பியூப்லோ கூட்டம் முடிந்ததும் தலைவலி கடுமையாகியது. காற்று வாங்கினால் தேவலை என்று கிரேசன் யோசனை சொல்ல, ஊரைத் தாண்டிச் சில மைல் தூரத்தில் ரயிலை நிறுத்தினார்கள். வில்சனும் எடித்தும் கிரேசனும் புழுதிச் சாலையில் நடந்தார்கள். சிறிய காரில் வந்த ஒரு வயதான விவசாயி அடையாளம் கண்டுகொண்டு வண்டியை நிறுத்தி, இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முட்டைக்கோஸும் கொஞ்சம் ஆப்பிளும் கொடுத்தார். திரும்பும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் நோயுற்ற ராணுவ வீரன் ஒருவனைப் பார்த்த வில்சன், வேலி தாண்டிப் போய் அவனிடம் கைகுலுக்கிவிட்டு வந்தார். தலைவலியும் சற்றே குறைந்திருந்தது. இரவுச் சாப்பாடும் இறங்கியது. நன்றாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தானாகவே விலகிவிடுவது உண்டு. கை மரத்துப்போகும், பேச்சு குழறும், ஒரு கண் இருட்டும்; பிறகு எதுவுமே நடக்காதது போல எல்லாம் சரியாகிவிடும். இதை மினி ஸ்ட்ரோக் என்கிறோம், மருத்துவர்கள் டி.ஐ.ஏ. என்பார்கள். ‘மினி’ என்று கேட்டதும் மனம் லேசாகிவிடுகிறது. ஆனால் முழுப் பக்கவாதம் வரும் அபாயம் மிக அதிகமாக இருப்பது அதற்கடுத்த இரண்டு நாட்களில்தான். பியூப்லோ மேடையில் நடந்தது அதுதானா என்று ஸ்கேன் இல்லாத காலத்து நிகழ்வை வைத்து இன்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திடீரென்று வந்த தடுமாற்றம், பேச்சில் தடை, பிறகு ஒரு தெளிவு, மறுநாள் இன்னும் மோசம் என்ற வரிசை, பக்கவாதப் பிரிவில் வேலை செய்யும் எவருக்கும் நன்கு பழக்கமானது.

அன்றிரவு வில்சன் எடித்தின் அறைக் கதவைத் தட்டினார். தலைவலி தாங்க முடியவில்லை, தூக்கம் வரவில்லை. கிரேசனை எழுப்பினார்கள். தலையணைகளை அடுக்கி உட்காரவைத்தார்கள். விடியும் நேரத்தில்தான் கண்ணயர்ந்தார். ஆனால் சிறிது நேரத்திலேயே எழுந்து முகம் மழித்து உடுத்திக்கொண்டார். அடுத்த ஊரான விச்சிட்டாவில் கூட்டம் இருந்தது. அப்போது டமல்டி பார்த்த முகத்தை அவரே எழுதியிருக்கிறார்: வெளிறிப்போய், ஒரு பக்கம் சரிந்து தொங்கியிருந்தது. வாயின் இடது ஓரம் தளர்ந்து இழுத்திருந்ததைக் கிரேசனும் கண்டார். அபாயத்தை இனி மறைக்க முடியாது என்று காட்டிய அடையாளம் அது என்று பிற்காலத்தில் எழுதினார்.

அப்படியானால் மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. செயலாளருக்கும் தெரிந்திருந்தது. ஒப்புக்கொள்ளாதவர் நோயாளி. பயணத்தை ரத்து செய்தால், உடன்படிக்கையை எதிர்த்த செனட்டர் லாட்ஜும் அவருடைய கூட்டமும் நான் பாதியில் ஓடிவிட்டேன் என்பார்கள், உடன்படிக்கையும் தோற்றுவிடும் என்று வில்சன் கெஞ்சினார். ஒரு நாள் தள்ளிப்போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றார். எடித்தும் கிரேசனும் டமல்டியும் உறுதியாக நின்று பயணத்தை நிறுத்தினார்கள். இந்த நிகழ்வு முழுவதிலும் நான் மனதாரப் பாராட்டுகிற முடிவு இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் சறுக்கல். பத்திரிகைகளுக்குக் கொடுத்த அறிக்கையில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொன்னார்கள். மற்ற ரயில்களை ஒதுக்கி வழிவிட, ரயில் 1,700 மைல் தூரம் வாஷிங்டனை நோக்கி ஓடியது. செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, வில்சன் ரயிலிலிருந்து இறங்கித் தன் காலாலேயே நடந்து காருக்குப் போனார். நடக்கிறார், பேசுகிறார், ஆளை அடையாளம் தெரிகிறது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் வர இது போதும். வெளியுலகுக்குச் சொன்ன பெயர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னவர்களையே ஆட்கொள்ளும்.

1919இல் நோயைச் சரியாகக் கணித்திருந்தாலும் செய்வதற்கு அதிகம் இருந்திருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்தைக் குறைக்க உருப்படியான மருந்து கிடையாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கிடையாது. ஆஸ்பிரின் இருந்தது, ஆனால் அன்று அது வலிக்கும் காய்ச்சலுக்குமான மாத்திரை மட்டுமே. ஓய்வு ஒன்றுதான் சிகிச்சை. இன்று நிலைமை முற்றிலும் வேறு. 2007இல் ஆக்ஸ்போர்டில் நடந்த ஓர் ஆய்வு, மினி ஸ்ட்ரோக் அல்லது லேசான பக்கவாதம் வந்தவர்களைத் தாமதமின்றிப் பரிசோதித்து உடனே மருந்து தொடங்கினால், அடுத்த மூன்று மாதங்களில் மறுபடி பக்கவாதம் வருவதை 80 சதவீதம் குறைக்க முடியும் என்று காட்டியது. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. ஏற்கெனவே கையில் இருந்த மாத்திரைகளையே காத்திருக்க வைக்காமல் கொடுத்தார்கள், அவ்வளவுதான். செப்டம்பர் 26 காலை வாய் கோணிய ஒருவர் இன்று மருத்துவமனைக்கு வந்தால், அடுத்த ஆறு நாட்களும் வீணாக வேண்டியதில்லை.

அக்டோபர் 2, காலை 9 மணிக்குச் சற்று முன். இரவெல்லாம் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டிருந்த எடித் மறுபடி அறைக்குள் வந்தார். வில்சன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுக்க முயன்றுகொண்டிருந்தார். இடது கை உயிரற்றுத் தொங்கியது. அந்தக் கையில் உணர்ச்சியே இல்லை, கொஞ்சம் தேய்த்துவிடு, அதற்கு முன் குளியலறைக்குப் போக உதவு என்றார். எடித் தாங்கிப் பிடித்து நடத்திப் போனார். அவரை அங்கே விட்டுவிட்டுக் கிரேசனை வரவழைக்கத் தொலைபேசிக்குப் போனார். பொது இணைப்பகத்தில் யாராவது கேட்டுவிடக்கூடும் என்பதால் தனி இணைப்பில் வெள்ளை மாளிகை அலுவலர் ஹூவரிடம் சொன்னார். அதற்குள் ஏதோ சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வில்சன் குளியலறைத் தரையில் நினைவின்றிக் கிடந்தார்.

‘கொஞ்சம் தேய்த்துவிடு.’ இதைப் படிக்கும்போதெல்லாம் நம் வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. கை மரத்திருக்கிறது, படுத்த வாக்கு சரியில்லை, தைலம் போட்டுத் தேய்த்துவிடு, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இன்றும் எத்தனையோ குடும்பங்களில் முதல் ஒரு மணி நேரம் தேய்ப்பதில்தான் கழிகிறது. அதன்பின் பாரிசவாயு என்று சொல்லிப் புறா ரத்தம் தடவுவதற்கு ஆள் தேடும் ஊர்களும் இருக்கின்றன. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் கோளாறு கையில் இல்லை, தலைக்குள் இருக்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வெளியானது. தேய்க்கும் நேரத்திலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவரை எழுப்பி நடக்க வைப்பதும் தவறு. எடித் நடக்க வைத்தார். அவரை யார் குறை சொல்ல முடியும்? தண்ணீர் கொடுப்பதும் கூடாது. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகள் செயலிழந்திருக்கலாம். ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக முடியலாம்.

அன்று பிற்பகல் பிலடெல்பியாவிலிருந்து நரம்பியல் நிபுணர் பிரான்சிஸ் டெர்கம் வந்தார். இடது கையும் காலும் முழுமையாகச் செயலற்றிருந்தன. முகத்தின் இடது கீழ்ப்பகுதி தளர்ந்திருந்தது. இரு கண்களிலும் இடப்பக்கப் பார்வை போயிருந்தது. மூளையின் வலப்பாதியில் ரத்தக் குழாய் அடைப்பு. பேச்சு குழறினாலும் மொழி போகவில்லை, ஏனென்றால் பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடப்பாதியைச் சார்ந்தது. இந்த நுணுக்கத்தைத்தான் இந்த நிகழ்விலிருந்து வாசகர்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இடப்பாதி மூளையில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் பேச்சு பாதிக்கப்படும். வீட்டில் எல்லோரும் அலறியடித்துக்கொண்டு கிளம்புவார்கள். வலப்பாதியில் வந்தால் நோயாளி பேசிக்கொண்டிருப்பார். அதைவிட விபரீதம், தன் கை விளங்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். இடப்பக்க உலகமே அவர் கவனத்திலிருந்து அழிந்துவிடலாம். ‘கையைத் தூக்குங்கள்’ என்றால் தூக்காமலே ‘தூக்கிவிட்டேனே’ என்பார். பிடிவாதம் என்று நாம் நினைப்போம். தன் உடலைக் கண்காணிக்கும் மூளைப்பகுதியே அடிபட்டிருக்கும்போது அவரால் வேறெப்படியும் சொல்ல முடியாது. இந்த நிலையைப் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் பாபின்ஸ்கி 1914இலேயே விவரித்திருந்தார்.

வில்சனுக்கும் இது இருந்தது என்று பின்னாளில் ஆராய்ந்த மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். அவர் தன்னை நொண்டி என்று சொல்லிக்கொண்டாரே தவிர, அதற்கு மேல் எதையும் ஏற்கவில்லை. 1920இல் மூன்றாம் முறையும் போட்டியிட நினைத்தார். 1919 டிசம்பர் 5 அன்று அவர் நிலையை நேரில் அறிய இரண்டு செனட்டர்கள் வந்தபோது, செயலற்ற இடது கையைப் போர்வைக்கடியில் மறைத்து, வலக் கைக்கு எட்டும் தூரத்தில் காகிதங்களை வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். வந்தவர்கள் திருப்தியோடு திரும்பினார்கள். மூளை ரத்தக் குழாயில் உறைவு என்ற உண்மையை, அவருக்குச் சிகிச்சையளித்த ஹியூ யங் என்ற மருத்துவர் 1920 பிப்ரவரியில் ஒரு நாளிதழிடம் சொன்ன பிறகே நாடு அறிந்தது. அதற்குள் நவம்பர் 19 அன்று செனட்டில் உடன்படிக்கை ஒருமுறை தோற்றிருந்தது. மார்ச் 19 அன்று மறுபடி தோற்றது.

ஆகவே பக்கவாதம் என்று சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து ‘ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?’ என்று நோயாளியிடம் கேட்கக் கூடாது. வேண்டாம் என்றுதான் பலர் சொல்வார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்பார்கள். வீட்டுக்குப் பெரியவர், சொன்னால் கோபம் வரும், பேச்சை மீற முடியாது என்ற தயக்கம் நமக்கு உண்டு. குடியரசுத் தலைவர் முன்னால் டமல்டிக்கும் அதே தயக்கம் இருந்திருக்கும். முடிவு பக்கத்தில் இருப்பவருடையது.

இந்த நிகழ்வின் வேர் 1919க்கும் மிகவும் முந்தியது என்று வாதிடுபவர்கள் உண்டு. 1896இல், பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த 39 வயது வில்சனின் வலது கையில் வலியும் பலவீனமும் வந்தன. பல மாதங்கள் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கையால் எழுதப் பழகினார். இது ஒரு சிறு பக்கவாதம் என்கிறார்கள் ஒரு சாரார். எழுதி எழுதி வந்த கைநோவு என்று மறுக்கிறார்கள் மறு சாரார். வலி முதன்மையாக இருந்ததும் மாதக்கணக்கில் நீடித்ததும் எனக்கு இரண்டாவது தரப்பையே நம்பத் தூண்டுகின்றன. பக்கவாதத்தில் பொதுவாகக் கை வலிக்காது, வெறுமனே சொன்னபடி கேட்காமல் போகும். வலி இல்லாததால்தானே பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

1906 மே மாதம் நடந்ததில் அவ்வளவு சந்தேகமில்லை. ஒருநாள் காலை விழித்தபோது இடது கண் தெரியவில்லை. பரிசோதித்த பிலடெல்பியா கண் மருத்துவர் டி ஷ்வைனிட்ஸ், கண்ணுக்குள் ரத்தக் குழாய் கசிந்திருப்பதைக் கண்டார். உயர் ரத்த அழுத்தமும் தடித்துப்போன தமனிகளுமே காரணம் என்று முடிவாயிற்று. அந்தக் கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவே இல்லை. இங்கிலாந்தில் ஒரு கோடைக்கால ஓய்வுக்குப் பின் வில்சன் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, முதல் ஆட்சிக்காலம் முடியும்வரை இவர் பிழைத்திருக்கமாட்டார் என்று நரம்பியல் நிபுணர் வியர் மிட்செல் கணித்ததாகக் கிரேசன் குறிப்பிட்டிருக்கிறார். கணிப்பு பலிக்கவில்லை, ஆனால் ரத்தக்கொதிப்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலியில் ரிவா-ரோச்சி வெளியிட்ட ஆண்டும் 1896தான். அளக்கத் தெரிந்த பிறகும், குறைக்கத் தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இன்று ஒரு நாளைக்குச் சில ரூபாய் மாத்திரையில் அடங்குவதை, தலைசுற்றல் இல்லை என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

அப்படியானால் பியூப்லோ ரயிலில் இன்று நாம் இருந்தால் என்ன செய்வோம்? முதலில் சிரிக்கச் சொல்வோம். வாய் ஒரு பக்கமாக இழுத்தால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முகவாதம் என்று வேறொரு நோய் உண்டு. அதில் நெற்றியும் சுருங்காது, கண்ணையும் மூட முடியாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் கீழ்ப்பாதி மட்டும் தளரும். ஆனால் இந்த வேறுபாட்டை ஆராய்ந்துகொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. அடுத்து, கண்களை மூடி, உள்ளங்கை மேலே தெரிய இரு கைகளையும் முன்னே நீட்டிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்வோம். ஒரு கை மெல்ல உட்புறம் திரும்பிக் கீழே இறங்கும். ‘தூக்கிவிட்டேன்’ என்று அவர் சொல்வதை நம்பாமல் கையைப் பார்க்க வேண்டும். தெரிந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்வோம். இவை மூன்றோடு, திடீரென்று நடை தள்ளாடுவது, ஒரு கண்ணிலோ ஒரு பக்கத்திலோ பார்வை மறைவது, வாழ்நாளில் அறியாத தலைவலி இடி போல இறங்குவது ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ‘திடீரென்று’ வந்ததா என்பதே முக்கியமான கேள்வி. ஒன்று இருந்தாலும் போதும்; மூன்றும் சேரக் காத்திருக்கத் தேவையில்லை. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் கிளம்பத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் 108க்கு அழைத்துப் ‘பக்கவாதம் என்று சந்தேகம்’ என்ற வார்த்தைகளையே சொல்லுங்கள். மயக்கம், உடம்பு சரியில்லை என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். இரண்டுக்கும் சிகிச்சை நேரெதிர். அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கூடுதலாக ஒரு ரத்தக்கொதிப்பு மாத்திரையும் கொடுக்கக் கூடாது. அடைப்பைத் தாண்டி ரத்தம் போக உடல் தானே அழுத்தத்தைக் கூட்டியிருக்கலாம். சர்க்கரை நோயாளி என்றால், சர்க்கரை மிகவும் இறங்கினாலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால், வண்டி வருவதற்குள் கருவியில் பார்த்துவிடலாம்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் தொடை வழியாகக் குழாய் செலுத்தி உறைவை இழுத்தெடுக்கும் சிகிச்சை 2015 முதல் நிலைபெற்றிருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அது பயன்படும். இரண்டிலும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்பது. எப்போது கண்டீர்கள் என்பது வேறு. காலையில் விழித்தபோது கை விளங்கவில்லை என்றால், முந்தின இரவு படுக்கப் போன நேரமே கணக்கு. இரவெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எடித்தால் இதற்குத் துல்லியமாகப் பதில் சொல்லியிருக்க முடியும். அந்த நேரத்தையும், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவரைக் கடைசியாக நல்லபடி பார்த்தவரே ஆம்புலன்ஸில் கூடப் போக வேண்டும்.